கால் சொல்லட்டும்

என் மனைவிக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னால் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வாள். பஸ் ஓட்டப் போகாதே என்று அவள் வீட்டில் தலைகீழாக நின்று பார்த்தார்கள். அதற்காகவே போனாளோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. டிப்போவில் அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர். அவள் வண்டியில் ஹாரன் கெட்டுப்போனால் ரிப்பேருக்கு விட வேண்டாம், அவள் தொண்டையே போதும் என்பது அங்கே பழைய கிண்டல். நான் தையற்காரன். நாள் முழுக்க உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு வேலை செய்பவன். ஆகையால் எங்கள் வீட்டில் யார் பேசுவது, யார் கேட்பது என்பதில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

சர்க்கரை வியாதி வந்தபோது அதையும் அவள் ஓவர்டேக் செய்ய வந்த லாரி மாதிரிதான் பார்த்தாள். விட்டுக்கொடுப்பதாக இல்லை. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டாள். டெர்மினஸில் மற்ற டிரைவர்கள் குட்டித் தூக்கம் போடும் நேரத்தில் இவள் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். டீயில் சர்க்கரையை நிறுத்தியபோது டீக்கடைக்காரர் பாவப்பட்டுப்போய் அரை ஸ்பூனாவது போடட்டுமா என்று கேட்டார். அந்த நல்ல மனிதரைக் கடையில் இருந்த எல்லோருக்கும் முன்னால் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தாள். இப்படிப் பல வருஷங்கள் அவள் கைதான் ஓங்கியிருந்தது.

எனக்கு ஒரு தம்பி. நல்லவன்தான். ஆனால் எதையாவது யார் தலையிலாவது கட்டாமல் அவனால் இருக்க முடியாது. முதலில் தண்ணீர் சுத்தப்படுத்தும் இயந்திரம் விற்றான். பிறகு முதுகுவலியைப் போக்கும் காந்த மெத்தை. அது முடிந்ததும் டப்பாவில் அடைத்த விட்டமின் பவுடர். பாலில் கலக்கிக் குடித்தால் தலைமுடியிலிருந்து கால்நகம் வரை எல்லாம் சரியாகிவிடும் என்றான். சர்க்கரை என்பது வியாதியே இல்லை, சத்துக் குறைவுதான், இந்த டப்பாவை ஆரம்பித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் மூன்றே மாதத்தில் வேரோடு போய்விடும் என்று என் கடையில் உட்கார்ந்து தினமும் ஓதினான். அவன் தொல்லை தாங்காமல் அவளிடம் சொன்னேன்.

அவள் அந்தப் பவுடரைக் குடித்தாள். நம்பிக் குடிக்கவில்லை. அவன் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகக் குடித்தாள். நிரூபணமும் ஆயிற்று. மாத்திரை நின்று, பவுடர் உள்ளே போகப்போக, சர்க்கரை எகிறியது. பஸ்ஸின் நம்பர் போர்டே மங்கலாகத் தெரிகிறது என்றாள். லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்துக் கிடந்தாள். விஷயம் தெரிந்து ஓடி வந்த தம்பி, உடம்பில் இருக்கும் விஷம் வெளியேறுகிறது, இப்போது நிறுத்தவே கூடாது என்றான். அவள் எழுந்துபோய், அவன் கண்ணெதிரிலேயே டப்பாவை அப்படியே சிங்க்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"இனிமே விட்டமின்னு பேர் போட்ட எதுவும் இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது," என்றாள். "தாண்டினா நான் வெளியே போயிடுவேன்."

அன்று முதல் தம்பிக்கு எங்கள் வீட்டில் 'டப்பா' என்று பெயர். காலி டப்பாவை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். கலந்திருக்கும் பொருள்களில் முதலில் போட்டிருந்ததே சர்க்கரைதான். ஆகவே அவள் கோபத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள் அவ்வளவு சரியாக இருந்ததுதான் பின்னால் வம்பாக முடிந்தது.

பழைய மாத்திரைக்கே திரும்பிய பிறகு, வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது டாக்டர், சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஒரு விட்டமின் மட்டும் ரொம்பக் குறைவாக இருக்கிறது, அதற்கும் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறேன் என்றார். வெளியே கூட்டம் அலைமோதியது. அதற்குமேல் அவர் விளக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. வாங்கி வந்த மாத்திரைகளில் அந்த அட்டையை மட்டும் தனியாக எடுத்து, டிப்போ வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். உங்கள் தம்பி ஆஸ்பத்திரிக்கும் சப்ளை செய்ய ஆரம்பித்துவிட்டானா என்று என்னைக் கேட்டாள். இந்த டாக்டர் அப்படிப்பட்டவர் இல்லை என்று மெல்ல இழுத்தேன்.

"என்னைப் பாருங்க. சத்து இல்லாத உடம்பா இது?"

வருஷா வருஷம் அவள் யூனிஃபார்மைப் பிரித்துத் தளர்த்தித் தைப்பவன் நான்.

அதன் பிறகு ஒரு நாள் அவள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தவள் திடுக்கிட்டாள். வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. மிச்சத் தூரத்தைத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. செருப்பு பழசு, வார் தளர்ந்துவிட்டது என்றாள். நான் தலையாட்டினேன். அடுத்து, ஷூ கனமாக இருக்கிறது, உள்ளே இருக்கும் அட்டையைப் பிரித்து எடுத்துவிடுங்கள் என்று என் கடைக்கே கொண்டுவந்து போட்டாள். பெடல் சரியாகப் படவில்லையா என்று கேட்டதற்கு, தையல் வேலை தெரியுமா தெரியாதா என்று திருப்பிக் கேட்டாள். மேல்தோலும் அடித்தோலும் மட்டும் மிச்சமிருக்கும்படி பிரித்துக் கொடுத்தேன். டாக்டரிடம் காட்டு என்று ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். காட்டினால் முதல் வேலையாக வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

லைனிங் துணி வாங்க மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்த ஒரு காலையில் அவள் பஸ்ஸில்தான் ஏறினேன். முன்வாசலை ஒட்டிய ஒற்றை சீட்டில் உட்கார்ந்தால் அவள் முகம் கண்ணாடியில் தெரியும். கொஞ்சம் எட்டிப் பார்த்தால் காலும் தெரியும். ரவுண்டானாவுக்கு முன்னால் சிவப்பு விழுந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பின்சீட்டில் ஒரு பெண், மடியில் பெரிய பூந்தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் நிற்கவில்லை. இவள் கால் பிரேக்கில்தான் இருந்தது, ஆனால் பாதிப் பாதம் வெளியே நழுவி, ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்திக்கொண்டிருப்பதாகவே அவள் நினைத்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குனிந்து பார்த்தாள். காலைத் தூக்கி மறுபடி ஓங்கி மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றபோது ஸ்கூட்டருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது.

பூந்தொட்டிக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்ந்தார்கள். டவுன் பஸ்ஸில் அது தினப்படி நடப்பது. பச்சை விழுந்ததும் அவள் வண்டியை ஊர்ந்தபடியே ஓரம் கட்டினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள். நான் பக்கத்தில் போய், யாருக்கும் ஒன்றும் தெரியாது, ட்ரிப்பை முடித்துவிடு, சாயங்காலம் டாக்டரிடம் போகலாம் என்று காதோடு சொன்னேன்.

"கால் சொல்லலைங்க," என்றாள். "கண்ணுதான் சொல்லுச்சு. கண்ணை வச்சு பிரேக் போட முடியாது."

டிப்போ கன்ட்ரோலருக்குப் போன் செய்தாள். அவர் குரல் எனக்கே கேட்டது. வேறு டிரைவர் இல்லை, இன்னும் மூன்று ஸ்டாப்தானே, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிடு என்றார்.

"மெதுவா மோதினா வலிக்காதா சார்?"

மேலே ரிப்போர்ட் எழுதுவேன் என்றார். தாராளமாக எழுதுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அதற்குள் பஸ்ஸில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. பெட்டி வைத்திருந்த ஒருவர், உடம்புக்கு முடியாதவர்கள் எல்லாம் எதற்கு வண்டி ஓட்ட வருகிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவள் சீட்டிலிருந்து எழுந்து நின்றாள். உங்களுக்கு இரண்டு காலும் நன்றாகத்தானே இருக்கிறது, இறங்கி நடங்கள், உயிரோடு போய்ச் சேருவீர்கள் என்றாள். அவர் பெட்டியோடு இறங்கிப் போனார். அந்த நிமிஷத்தில் அவள்மேல் எனக்கு வந்த பெருமையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசியில் கன்ட்ரோலர் எங்கிருந்தோ பிடித்து அனுப்பிய டிரைவர் வந்து, சாவியை வாங்கி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பஸ் கண்ணிலிருந்து மறையும்வரை நின்றிருந்தவள், பிறகு நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். அந்த சீட்டை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்? மரியாதை, சம்பாத்தியம், சண்டை, சிரிப்பு எல்லாவற்றையும் அவள் அங்கே உட்கார்ந்துதான் செய்தாள்.

யூனிஃபார்மோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டர்தான், இவளைவிடப் பத்துப் பதினைந்து வயது சிறிய பெண். அவர் கேட்பதற்கு முன்பே, நரம்பு போய்விட்டதென்றால் போய்விட்டது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், சத்து மாத்திரைக் கதை மட்டும் வேண்டாம் என்றாள் இவள். டாக்டர் ஷூவைக் கழற்றச் சொன்னார். மீன் தூண்டில் நரம்புபோல ஒரு மெல்லிய இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, தெரிகிறதா என்று கேட்டார். பல இடங்களில் தெரியவில்லை. பழைய ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடி எடுத்தார். அப்போது எழுதிக் கொடுத்த மாத்திரையை என்ன செய்தீர்கள் என்றார்.

குப்பையில் போட்டேன் என்று இவள் நிமிர்ந்தபடியே சொன்னாள். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கால் மரத்துப்போவதை ஏன் மறைத்தீர்கள் என்று அவர் கேட்க, இரண்டு வார்த்தை நின்று விளக்க உங்களுக்கு எங்கே நேரம் இருந்தது என்று இவள் கேட்க, நான் நடுவில் மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டாக்டர்தான் பேனாவைக் கீழே வைத்தார்.

"சரிம்மா, இப்ப விளக்கறேன். நீங்க சாப்பிடற சர்க்கரை மாத்திரை நல்ல மாத்திரை. ஆனா வருஷக்கணக்கா சாப்பிடும்போது சில பேருக்கு பி12-ங்கற விட்டமின் உடம்புல சேராது. அது குறைஞ்சா நரம்பு கெடும், கால் மரத்துப்போகும். சர்க்கரையாலயும் இதேதான் ஆகும். பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்."

அப்படியானால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்று இவள் கிளம்பினாள். அதைத் தொடவே கூடாது, சொல்லாமல் நிறுத்தினால் அடுத்த முறை கண்ணையும் கிட்னியையும் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். இந்த விட்டமினை ஊசியாகப் போடலாம். விட்டமின் குறைவால் கெட்ட நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகலாம். சர்க்கரையால் கெட்டது சரியாகாமலே போகலாம். எது எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு வெளியே நடக்கக் கூடாது என்றார்.

"முழுசா சரியாயிடுமா?" என்று இவள் கேட்டாள்.

"அப்படி நான் சொல்ல மாட்டேன்."

இவள் ஊசிக்காகச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். வெளியே வந்ததும், வேரோடு போய்விடும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன் என்றாள். வாசப்படி சபதம் என்ன ஆச்சு என்று நான் வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். ஊசி இங்கேதானே போடுகிறார்கள், எந்த வாசப்படியை அது தாண்டியது என்று என்னையே மடக்கினாள்.

டிப்போவில் அவளைப் பயணிகள் தவறவிட்ட சாமான்களைக் காக்கும் அறையில் போட்டார்கள். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைக் கையுறை. அவற்றுக்கு நடுவே காலை முதல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்தாலும் பேச்சில்லை. அந்த நிசப்தம் எனக்குத் தாங்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு டப்பா வந்தான். பெரிய டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வாசலிலேயே நின்றான். நான் அப்போதே விட்டமின் என்று சொன்னேனே அண்ணி, நீங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றான். அவள் சத்தம் போடுவாள் என்று நான் கதவை மூடப் போனேன். அவள் சத்தம் போடவே இல்லை.

"நீயும் விட்டமின்னு சொன்ன, டாக்டரும் விட்டமின்னு சொன்னாங்க. அதுக்காக ரெண்டு பேரும் ஒண்ணா தம்பி? அவங்க என் ரத்தத்தைப் பார்த்துட்டு சொன்னாங்க. நீ என் பர்ஸைப் பார்த்துட்டு சொன்ன."

டப்பா அசடு வழிந்தான். அவள் விடவில்லை. "உன் மேல இருந்த கோவத்துல நல்லதையும் சேர்த்துக் குப்பையில போட்டேன். அது என் தப்புதான். ஆனா அதுக்கும் ஒரு நாள் உன்னைக் கவனிச்சுக்கறேன்." அவன் கொண்டுவந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு போனான்.

பட்டன் விஷயம் அதற்கு மறுநாள் ஆரம்பித்தது. கடை திறக்கும் முன் என் பட்டன் டின்னை எடுத்து வரச் சொன்னாள். காலைக் கழுவித் துடைத்து, கண்ணை என் கைக்குட்டையால் இறுகக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தரையில் ஒரு பட்டனை வைக்க வேண்டும். வலதுகாலின் முன்பாதத்தை, பிரேக்கில் படும் அதே இடத்தை, அதன்மேல் வைத்து அது என்ன பட்டன் என்று அவள் சொல்ல வேண்டும். சட்டைப் பட்டனா, கோட் பட்டனா, துணி சுற்றியதா, உலோகமா. அவள் காலை வைத்தாள். வெகுநேரம் கழித்து, தெரியல என்றாள். மறுநாளும் அதேதான். ஆஸ்பத்திரியில் ஊசி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது; காலையில் எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தைதான் கேட்டுக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னால்கூட நாலில் ஒன்று சரியாக இருக்குமே என்றேன். பிரேக்கைக் குருட்டாம்போக்கில் போடலாமா என்று கேட்டாள்.

ஒரு நாள் அவள் தயங்கித் தயங்கி, சட்டைப் பட்டன் என்றாள். வைத்திருந்தது கோட் பட்டன். அவள் முகத்தைப் பார்த்தேன். சரிதான் என்று சொல்லிவிட்டேன். அவள் கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"நீங்களும் டப்பா விக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் திட்டாத திட்டில்லை. எதுவும் இப்படிச் சுட்டதில்லை. அதற்குப் பிறகு நான் பொய் சொல்லவில்லை.

டிரைவர்கள் பற்றாக்குறை முற்றியபோது கன்ட்ரோலரே போன் செய்தார். டிப்போவுக்கு வரும் டாக்டர் அவள் கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நாளைக்கே வந்து வண்டியை எடுக்க வேண்டுமாம். அந்த அறையிலிருந்து தப்பிக்க அவள் எவ்வளவு துடித்தாள் என்பது எனக்குத் தெரியும். கையெழுத்தும் கிடைத்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கண்ணுக்கு என்ன சார் கேடு? கெட்டது கால். இந்தக் காலோட நான் ஓட்டற வண்டிக்கு முன்னாடி நீங்க ஸ்கூட்டர்ல நிப்பீங்களா?"

கால் சொல்லட்டும், அதுவரை குடைகளையே பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தாள்.

பிறகு மெல்ல மெல்ல, உலோகப் பட்டன் சில்லென்று இருக்கிறது என்றாள். அடுத்து, துணி சுற்றியதும் சட்டைப் பட்டனும் வேறு வேறாகத் தெரிய ஆரம்பித்தன. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்று எரிச்சல்பட்டாள். ஆஸ்பத்திரி டாக்டர், நரம்பு திரும்புகிறது, அது நல்லதுக்குத்தான் என்றார். இரண்டு காலிலும் சுண்டுவிரல்கள் மட்டும் கட்டைபோலவே கிடந்தன. அவை திரும்பாது போலிருக்கிறது என்று டாக்டரும் ஒளிக்காமல் சொன்னார். இவளும் ஒளிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

போன வாரம் ஒரு காலை. கைக்குட்டை, நாற்காலி, பட்டன். அவள் காலை வைத்து லேசாக அழுத்தினாள்.

"கோட் பட்டன். நாலு ஓட்டை."

சரி என்று சொல்லி, எடுக்கக் குனிந்தேன். காலைத் தூக்க மாட்டேன் என்றாள். முன்பாதத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தாள்.

"ஓரத்துல உடைஞ்சிருக்கு."

நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. பட்டனோடு காலம் தள்ளும் என் விரல்களுக்கே அது தட்டுப்படவில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. அவள் கைக்குட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

பிறகு பழைய தொண்டையில், பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி வரிசையாக உத்தரவு போட்டாள். இன்றைக்கு டாக்டரிடம் போய்க் காலைக் காட்ட வேண்டும். கன்ட்ரோலர் எதிரில் டிப்போவுக்குள்ளேயே வண்டியை ஓட்டி, பிரேக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். ஷூவுக்கு அட்டையைத் திரும்ப வைத்துத் தைக்க வேண்டும்.

"அப்புறம், கவனிச்சுக்கறேன்னு சொன்னேனே அந்த டப்பா, அவனுக்கு ஒரு போன் போடுங்க," என்றாள். "என் முதல் ட்ரிப்புல முன்னாடி சீட்டுல வந்து உக்காரச் சொல்லுங்க. டிக்கெட் எடுத்துக்கிட்டு."